நாற்பது சென்டிமீட்டர்

அளவு நாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு மேனேஜரே தரையில் மண்டியிட்டார். இஸ்திரி மடிப்புக் கலையாத பேன்ட்டின் முட்டியில் மாவு அப்பியது. அவர் அதைத் தட்டிவிடக்கூட இல்லை.

இப்படி ஒரு மேனேஜரை அவள் பார்த்ததில்லை. பாதுகாப்பு அதிகாரியாக அவளுக்கு இது மூன்றாவது இடம். இந்த மாவு ஆலையில் சேர்ந்து மூன்று மணி நேரம்தான் ஆகிறது; சம்பளக் கணக்குக்காக என்று நியமனக் கடிதத்தில் மட்டும் போன மாதத் தேதி போட்டிருந்தார்கள். முந்தைய இரண்டு இடங்களிலும் ‘இங்கே ஆள் ஏற வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்தே வேலையை இழந்தவள். கடைசி இடத்தில் அவளுக்குப் பெயரே ‘வேண்டாம் மேடம்’.

காலையில் வாசலில் இறக்கிவிட்டபோது கணவன்கூடக் கேலி செய்தான். “முதல் நாளே வேண்டாம்னு சொல்லிடாத. ஒரு வாரம் கழிச்சு சொல்லு.”

கூரையின் பழைய தகடுகளை மாற்றும் வேலை. ஏறுகிறவர்களுக்காக மேலே சுவருக்குச் சுவர் ஒரு கம்பிக் கயிறு இழுத்துக் கட்டியிருந்தார்கள். உடம்பில் மாட்டிய பெல்ட்டை அதில் கொக்கி போட்டுக்கொண்டு நகர வேண்டும். கால் தவறினால் கயிறு தாங்கிவிடும். தாங்குவதற்குள் ஆளை எவ்வளவு தூரம் கீழே விடும் என்பதைத்தான் அவள் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும்.

கயிற்றிலிருந்து தரைக்கு ஏழு மீட்டர் தொண்ணூறு. தாராளமாக இருக்கிறதே என்றார் பக்கத்தில் நின்ற கூரை மேஸ்திரி.

“தரைய ஏன் அளக்கணும்? விழறவன் தரைக்கா வருவான்? இந்த மெஷின் மேலதான் வருவான்” என்றாள் அவள்.

மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கயிற்றுக்கு நேர் கீழே நின்றது அந்த அரவை இயந்திரம். மற்ற இயந்திரங்களின் மேல் விரற்கடை உயரத்துக்கு மாவு படிந்திருக்க, இது மட்டும் கழுவித் துடைத்ததுபோல் பளபளத்தது. புதிதாக வாங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே அதன் தலைக்கு அளந்தாள். ஆறு மீட்டர் நாற்பது.

மேனேஜரின் சட்டைப் பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “நாலு மணிக்குள்ள தாள் என் கைக்கு வந்தாகணும்மா.”

சாமான் அறையின் மேசையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். கொக்கிக் கயிறு ஒன்று எண்பது. வெடுக்கென்ற இழுப்பைத் தாங்க மடித்துத் தைத்திருக்கும் பட்டை பிரிந்தால் ஒன்று பத்து. முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை ஒன்றரை. பெல்ட் நெகிழ முப்பது சென்டிமீட்டர், பிசகுக்கு ஓர் அறுபது. ஒருவன் தொங்கினால் மேலே கயிறு எண்பது தொய்யும். கூட்டினால் ஆறு மீட்டர் பத்து. இயந்திரத்தின் தலை தட்டாமல் ஆள் நின்றுவிடுவான்.

எத்தனை பேர் ஏறுவார்கள் என்று கேட்டாள். மேஸ்திரி முதலில் மேனேஜரைப் பார்த்தார். தகட்டை ஒருவன் பிடித்தால்தான் இன்னொருவன் முடுக்க முடியும், அதனால் இரண்டு பேர் என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

தாளில் எழுதியிருந்த எண்பதை அடித்தாள். ஒருவன் சறுக்கினால் அந்தக் கயிறே மற்றவனையும் சுண்டி இழுத்துவிடும். இரண்டு பேர் கனத்துக்கு ஒன்றரை மீட்டர் தொய்யும். ஆறு மீட்டர் எண்பது.

மூன்று முறை போட்டுப் பார்த்தாள். பேனா மூடியைக் கடித்துக்கொண்டு நான்காவது முறையும் போட்டாள். எண்கள் இம்மியும் அசையவில்லை. வெளியே மேனேஜரின் செருப்புச் சத்தம் போவதும் வருவதுமாக இருந்தது. கணவனின் முகம் ஒரு கணம் வந்து போனது. முகம் தெரியாத இரண்டு பேரின் கால்கள் அந்த இரும்பை நோக்கி இறங்குவது அதைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

எழுந்து கதவருகே போனாள்.

“ஒருத்தர் ஏறலாம் சார். ரெண்டு பேர் ஒரே நேரத்துல ஏறக்கூடாது. நாப்பது சென்டிமீட்டர் பத்தல.”

வழக்கமான பதில்களுக்குத் தயாராகப் பல்லைக் கடித்துக்கொண்டாள். நாற்பது சென்டிமீட்டர் ஒரு முழம்கூட இல்லையே என்பார்கள். இதுவரை யார் விழுந்தார்கள் என்பார்கள்.

மேனேஜர் பெருமூச்சு விட்டார். சொன்னதை அப்படியே எழுதச் சொன்னார், இரண்டு பேர் ஏறக்கூடாது என்பதைப் பெரிய எழுத்தில். மீறி ஏறினால் ஏறியவர்களே பொறுப்பு என்று கீழே ஒரு வரியும் சேர்க்கச் சொன்னார். அந்த வரியை அவள் எல்லாத் தாள்களிலும் பார்த்திருக்கிறாள், எழுதினாள்.

மனசு லேசானது. முதன்முறையாக ஒரு மனிதர், அவள் சொன்ன ‘கூடாது’வை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்கிறார். இனி அந்தக் கயிற்றில் இரண்டு பேர் ஏற மாட்டார்கள். மேஸ்திரி மட்டும் ஏனோ சட்டென்று வெளியே போனார்.

கையெழுத்துப் போட்டு, தேதி போடக் குனிந்தாள். மேனேஜர் அந்தக் காலி இடத்தில் விரலை வைத்தார்.

“போன புதன்கிழமைன்னு போடுங்கம்மா, அவனுங்க விழுந்தது வியாழக்கிழமை.”