மதிப்பிற்குரிய

“வேம்புன்னு மொட்டையா அடிச்சு வெச்சிருக்கியே ஷீலா, அவர் என்ன உன்னோட பள்ளிக்கூடத்துல படிச்சவரா?”

மயிலாப்பூரில் ஐம்பதாம் ஆண்டை எட்டவிருந்த ஒரு சங்கீத சபையின் செயலாளர் சுவாமிநாதன், கம்ப்யூட்டர் திரையை விரலால் தட்டினார். அலமாரியில் பூஞ்சை படிந்துகொண்டிருந்த இருபத்திரண்டு கச்சேரி கேசட்டுகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவதென்று சபை தீர்மானித்திருந்தது. முதல் கேசட் அன்றுதான் ஏறியிருந்தது.

“பேரு சின்னதா வெச்சா நல்லதுன்னு கிளாஸ்ல சொன்னாங்க சார்,” என்றாள் ஷீலா. சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து வந்து பதினைந்து ஆண்டுகளாகச் சபையின் கடிதங்களைத் தட்டச்சு செய்பவள், தி. நகரில் மூன்று மாதக் கம்ப்யூட்டர் வகுப்பும் முடித்திருந்தாள்.

“கிளாஸ்ல ஆயிரம் சொல்லுவா. அழைப்பிதழ்ல மொட்டையாப் போட்டா எந்த வித்வானாவது மேடை ஏறுவாரா? ‘மதிப்பிற்குரிய வித்வான் வேம்பு பாகவதர்’னு அடி. எல்லாருக்கும் அப்படித்தான். மொதல்ல மரியாதை, அப்புறம் பேரு.”

பழைய பெயரை எடுத்துவிட்டு, ஆங்கில எழுத்துகளில் அவ்வளவையும் அடித்து முடித்தாள் ஷீலா. “எடம் உடாம சேத்து அடிச்சாத்தான் எடுத்துக்குது சார்.”

“பரவாயில்லையே, எதைச் சேர்த்து எழுதணும்னு அதுக்காவது தெரிஞ்சிருக்கு.”

மறுநாள் அடையாற்றிலிருந்து மதுவந்தி வந்தாள். வேம்பு பாகவதரின் ஒரே மகள். தந்தை காலமானபோது அவளுக்கு ஒரு வயது. அவர் பாடியதில் பதிவாகி எஞ்சியது இந்தச் சபைக் கச்சேரி ஒன்றுதான்.

“அப்பா குரலை நான் கேட்டதே இல்லை மாமா. அந்த கேசட்டை ஒரு நாள் குடுத்தேள்னா போதும்.”

கேசட் மேசைமேல்தான் இருந்தது. சுவாமிநாதன் அதைக் கைக்குட்டையால் மூடினார்.

“பூஞ்சை புடிச்சதையா பாகவதர் பொண்ணு கையில குடுக்கறது? அவருக்கு என்ன மரியாதை? பொன்விழாவுக்கு வா. கம்ப்யூட்டர்லேர்ந்து மேடையில, மொத பாட்டா அவரைத்தான் போடப்போறோம். அங்கேயே பிரதி எடுத்துக்கோ.”

மதுவந்தி கைக்குட்டையைப் பார்த்துக்கொண்டே எழுந்து போனாள்.

ஏறி முடிந்த கேசட்டுகளை எடுத்துப்போக இராயப்பேட்டையிலிருந்து ஹனீஃபா வந்தார். பழைய கேசட்டுகளை வாங்கி, அழித்து, வெற்று கேசட்டாக விற்பவர்.

“முழுக்க அழிச்சப்புறந்தான் விக்கணும் பாய். பாகவதர் பாட்டை எவனாவது டீக்கடையில போட்டுடப்போறான்.”

“அழிச்சிர்றேன் சார். உள்ள ஏறுனத ஒரு தடவ கேட்டுக்கினீங்களா?”

“தினமும் சாயங்காலம் அன்னன்னிக்கு ஏத்தினதைக் கேட்டுட்டுத்தானே கையெழுத்துப் போடறேன். கணீர்னு இருக்கு.”

அது பொய்யன்று. ஏற்றிய ஒவ்வொன்றையும் ஏற்றிய அன்றே கேட்டார். ஒன்றிலும் குறையில்லை.

இரண்டாம் கேசட்டின்போது மட்டும் ஷீலா தயங்கினாள். “சார், இன்னாவோ கேக்குது சார். மேல எழுதட்டுமான்னு.”

“மேலே எழுதாம என்ன பண்ணும்? இன்னும் இருபது கேசட் காத்துண்டிருக்கு. எழுதுன்னு சொல்லு.”

“ஒவ்வொரு தபாவும் கேக்கும்போல கீது.”

“ஒவ்வொரு தடவையும் சொல்லு. கேட்டுண்டு செய்யறது நல்ல பழக்கந்தானே?”

இருபதாவது கேசட்டில் அவள் மீண்டும் வாய் திறந்தாள். “இந்த மிஷின் வித்தாரே குருபிரசாத் சார், பன்னெண்டு கேசட்டுதான் தாங்கும்னாரு. இருபது ஆயிடுச்சு, இன்னும் முக்காவாசி காலியாகீது சார்.”

“பெரியவா சங்கீதம். எடம் தானா ஏற்படும்.”

இறுதியாக, சென்ற ஆண்டு விழாவில் தாம் நிகழ்த்திய நன்றியுரையையும் ஏற்றச் சொன்னார். நன்றியுரை கடைசியில் வருவதே மரபு. தம் பெயருக்கு முன்னாலும் அந்த அடைமொழி வேண்டுமா என்று ஒரு கணம் கூசினார். ஆனால் விதி என்றால் எல்லார்க்கும் பொது. ‘மதிப்பிற்குரிய செயலாளர் சுவாமிநாதன்’ என்று அடிக்கச் சொன்னார்.

பொன்விழா மாலையில் அரங்கம் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் மதுவந்தி, மடியில் ஒரு சிறிய டேப்ரெக்கார்டருடன். சுவாமிநாதன் பாகவதரின் பெயரை முழு அடைமொழியோடு அறிவித்துவிட்டுத் தலையசைத்தார். ஷீலா ஓர் எழுத்தும் பிசகாமல் அடித்தாள். மதுவந்தி பொத்தானை அழுத்தினாள்.

“சபையோர்க்கு வணக்கம்,” என்றது ஒலிபெருக்கி. “நன்றி கூறும் நல்வாய்ப்பினை எனக்களித்த…”

சுவாமிநாதனின் குரல்.

“தப்பா அடிச்சுட்டே. அடுத்தவரைப் போடு,” என்று பல்லைக் கடித்தார் சுவாமிநாதன்.

அடுத்தவரும் சபையோர்க்கு வணக்கம் சொன்னார். அதற்கடுத்தவரும் அதே இடத்தில் கனைத்துக்கொண்டு, அதே நல்வாய்ப்புக்கு நன்றி கூறினார்.

பின்வரிசையிலிருந்து குருபிரசாத் மேடையேறி வந்து திரையைப் பார்த்தார்.

“ஒரே ஒரு பதிவுதான் இருக்கு மாமா. பேர்ல மொத எட்டு எழுத்தைத்தான் இந்த மெஷின் எடுத்துக்கும். இங்கிலீஷ்ல ‘மதிப்பி’ன்னு வரதுக்குள்ள எட்டும் தீர்ந்துடறது. யார் பேர் வரைக்கும் அது போகவே இல்லை.”

மதுவந்தி மேடையருகில் வந்து நின்றாள். “அந்த கேசட்டையே குடுத்துடுங்கோ மாமா. பூஞ்சை இருந்தாப் பரவாயில்லை.”

சுவாமிநாதன் ஷீலாவின் பக்கம் திரும்பினார். “ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?”

“அதான் இருபத்திரண்டு தபா கேட்டுச்சே சார்,” என்றாள் ஷீலா, “அவங்க மேல இவங்கள எழுதட்டுமான்னு.”