வாழ்க்கைக் குறிப்பில் இல்லாத வரி

மாமா காகிதத்தை மடித்தார்.

அவ்வளவுதானா என்று ராகினி பார்த்தாள். அவ்வளவுதான்.

ஆலயத்தின் நடுவே பெட்டியில் ஆச்சி கிடந்தாள். வெள்ளைச் சேலை. மார்பின்மேல் வேதாகமம். தலைமாட்டில் நின்று, தவராஜ் மாமா தன் தாயின் வாழ்க்கைக் குறிப்பை வாசித்து முடித்திருந்தார். நல்ல மனைவி. இரண்டு பிள்ளைகளைக் கர்த்தருக்குப் பயந்து வளர்த்த தாய். அதிகாலை நாலு மணிக்கு எழுந்து ஜெபித்தவர்.

எல்லாம் உண்மை.

முப்பத்தோரு வருடம் இதே ஆலயத்தில் ஆர்கன் வாசித்தது மட்டும் அதில் இல்லை.



ஆச்சியாக ஆர்கனை விடவில்லை. விடச் சொன்னார்கள். மகள் வேற்று மதத்துக்காரரைக் கட்டிக்கொண்டாள். அதற்குத் தாய்க்குத் தண்டனை. சபை ஒழுங்கு என்று ஒரு கடிதம். அடியில் செயலாளரின் கையெழுத்து: தவராஜ்.

கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவரும் அவர்தான். வாசித்துவிட்டு ஆச்சி கேட்டாளாம்: “சாப்பிட்டியாய்யா?”

சோறு போட்டாளாம். ஆச்சியே சிரித்துக்கொண்டு சொன்னது இது.

அந்த மகள்தான் ராகினியின் அம்மா. இப்போது கடைசிப் பெஞ்சில் அவளுக்கும் அப்பாவுக்கும் நடுவில் இருக்கிறாள். இருபத்தாறு வருடங்களுக்குப் பிறகு இன்றுதான் இந்த ஆலயத்துக்குள் வந்திருக்கிறாள்.

ஆச்சி கோபித்துக்கொண்டு வேறு ஆலயம் தேடவில்லை. ஞாயிறு தவறாமல் வந்தாள். மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தாள். காலால் மிதித்து வாசிக்கும் ஆர்கன் அது. ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு ஆச்சியோடு வந்த சிறுமி ராகினி குனிந்து பார்த்தாள். வேறு யாரோ வாசித்துக்கொண்டிருந்தார்கள். சேலைக் கரைக்குக் கீழே ஆச்சியின் பாதங்கள் மாறி மாறி அழுந்திக்கொண்டிருந்தன.

சனிக்கிழமைகளில் பஸ் ஏறி மகள் வீட்டுக்கு வருவாள். அப்பா பஸ் ஸ்டாண்டில் நின்று பையை வாங்கிக்கொள்வார். மகளையும் பேத்தியையும் சமையலறையில் நிறுத்தி, ஆளுக்கொரு குரலாகப் பாட்டைப் பிரித்துக் கொடுப்பாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்பாள். யாருக்காவது சுதி விலகினால் கத்தியால் பலகையில் ஒரு தட்டு.

பிறகு சாப்பாட்டுக்கு முன் ஜெபம். ஜெபத்தில் முதல் பெயர் எப்போதும் தவராஜ்.

“அவருக்கு எதுக்கு ஆச்சி?”

“எம் பிள்ளைல்லா.”

அந்தப் பதில் அன்றைக்கும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

இப்போது பெஞ்சிலிருந்து எழுந்தாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். உதறினாள்.

“மாமா, ஒண்ணை விட்டுட்டீங்களே.”

தலைகள் திரும்பின.

“உக்காரு ராகினி. அப்புறம் பேசலாம்,” என்றார் மாமா.

“ஆச்சி இங்க முப்பத்தோரு வருஷம் ஆர்கன் வாசிச்சாங்க. அதையும் வாசிங்க. யாரு நிறுத்துனா, எதுக்கு நிறுத்துனாங்கன்னும் சொல்லுங்க.”



மாமா காகிதத்தை இன்னும் ஒரு மடிப்பு மடித்தார்.

குருவானவர் இந்தச் சபைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார்.

பாடகர் குழுவிலிருந்து ரூபி டீச்சர் எழுந்தார். எழுபது வயது. ஆச்சியிடம் பாடக் கற்றவர்.

“அவ சொல்லுதது நெசந்தான் ஐயா. நானும் அந்தக் கமிட்டியில இருந்தேன். நானும் கை தூக்குனேன்.”

சொல்லிவிட்டு உட்காரவில்லை. உட்காரத் தெரியாதவர்போல நின்றார்.

குருவானவர் பாட்டை அறிவித்தார். கீபோர்டுக்காரர் கையைத் தூக்கி, மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். டீச்சர் வெறும் குரலில் தொடங்கினார். சபை தொடர்ந்தது. இரண்டாம் சரணத்தில், கடைசிப் பெஞ்சிலிருந்து அம்மா தன் குரலைச் சேர்த்தாள்.

ராகினி பாடவில்லை. வாயைத் திறந்தால் வேறு ஏதாவது வந்துவிடும்.

கல்லறைத் தோட்டத்தில் வழி குறுகல். இரண்டு பக்கமும் நெருக்கமாகக் கல்லறைகள். ஒருவர் பின் ஒருவராகத்தான் குழியருகே போக முடிந்தது. அம்மா முன்னால் போய்விட்டாள். ராகினி போகும்போது பின்னாலிருந்து மாமா கூப்பிட்டார்.

“ராகினி.”

நின்று திரும்பினாள்.

“எங்கம்மா என்னை மன்னிச்சிட்டாங்கம்மா. ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சுக்கிட்டு அவங்களே சொன்னாங்க.”

“தெரியும்.”

அவர் கண் கலங்கியிருந்தது. அவள் இன்னும் ஏதாவது சொல்வாள் என்று நின்றார்.

“நீங்க மன்னிப்பு கேட்டீங்களா மாமா?”

 

மாமா அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தார். அங்கே, குழியின் விளிம்பில் குனிந்து, அவருடைய தங்கை மண் அள்ளிக்கொண்டிருந்தாள்.

மாமா ஓரடி முன்னால் வைத்தார்.

அங்கே போக ராகினியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அவள் நகரவில்லை.