ஏணிக்குப் போட்ட பூட்டு

எனக்கு முதலில் தப்பு செய்தவன் எங்கள் தெருப் பையன் டுவைட்தான். என் செருப்புத் தைக்கும் கடைக்குப் பின்னால் சாத்தியிருந்த ஏணியை ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்து, என் கடைச் சுவரிலேயே படம் வரைந்தான்.

நியூயார்க்கில் வெறும் சுவரைக் கண்டாலே எல்லாருக்கும் கை அரித்த காலம் அது. ஆனாலும் இதெல்லாம் படமா? தடித்த கறுப்புக் கோட்டில் ஆட்கள். கண் இல்லை, மூக்கு இல்லை. உள்ளே பச்சை, நீலம், மஞ்சள். எல்லாரும் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"சின்னப் புள்ள கிறுக்கின மாதிரி இருக்குடா."

"சின்னப் புள்ளைக்கும் புரியணும்ல பெரியவரே," என்றான்.

அப்புறம் அவ்வப்போது வருவான். யாராவது ஓர் ஆளின் நிறத்தின் மேல் வெள்ளையடிப்பான். கோடு மட்டும் மிஞ்சும். அடித்தால் முழுச் சுவரையும் அடித்துத் தொலை என்று கத்துவேன். அவன் தூரிகையைக் கழுவிக்கொண்டிருப்பான்.

ஒரு நாள் செருப்பு தைக்கக் கொண்டுவந்த இர்மா, சுவர் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். முந்தின நாள் வரை பச்சையாக இருந்த ஆள் வெள்ளையாகியிருந்தான்.

"என் தம்பி," என்றாள். "இந்தத் தெருவுல யார் யாருக்கு எய்ட்ஸ் வந்துச்சோ, அவங்கதான் இங்க ஆடுறாங்க. செத்துப்போனா வெள்ளை."

அன்றுதான் சுவரை ஒழுங்காகப் பார்த்தேன். அன்றே ஏணியைச் சங்கிலி போட்டுப் பூட்டினேன். மேல் வரிசைக்கு எட்டுகிற ஏணி தெருவில் அது ஒன்றுதான்.

கல்நெஞ்சன் என்றார்கள். "செத்தவங்களுக்கு இந்த மரியாதைகூடக் கிடைக்கக் கூடாதா?" என்று கேட்ட இர்மா, அதற்குப் பிறகு என் கடைக்கு வரவில்லை.

வராவிட்டால் போகட்டும். தினம் காலையில் கடை திறக்குமுன் மேல் வரிசையைப் பார்ப்பேன். அங்கே ஓர் ஆரஞ்சு ஆள். அவனைப் பார்த்த பிறகுதான் காபி தொண்டையில் இறங்கும். டுவைட் தெருமுனையில் தெரிந்தால் ஊசி விரலில் ஏறும்.

நேற்று வெள்ளை டப்பாவோடு வந்து நின்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சாவி கொடுங்க பெரியவரே."

"கீழ ஏதாச்சும் இருந்தா அடி."

"மேல ஒருத்தர்தான் பாக்கி. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு..."

"சொல்லாதே."

அவன் டப்பாவை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனான்.

அந்த ஆரஞ்சு ஆளின் இடது பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். அந்தக் கால் செருப்புக்கு நான் எத்தனையோ தடவை அடித்தோல் மாற்றியிருக்கிறேன். எப்போதும் வெளி ஓரம்தான் தேயும். ஒரெஸ்ட். அப்பன் என்றும் பார்க்காமல், கதவை அறைந்து சாத்திவிட்டுப் போன என் மகன்.

அவன் வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதுவரை ஏணி பூட்டித்தான் இருக்கும்.