முன்னால் உட்கார ஒருத்தர்

“வண்டி கிளம்பப் போறது. ஏதாவது சொல்லணுமா மாளு?”

“தண்ணி பாட்டில் எடுத்துண்டேளா?”

மூன்று வருஷத்துக்கு முன்னால், புனே வேலைக்குப் புறப்பட்ட கணவன் சுமந்திடம், தம்பானூர் ஸ்டேஷனில் மாளவிகா கேட்டது அவ்வளவுதான். போக வேண்டாம் என்று சொல்லத்தான் கரமனை வீட்டிலிருந்து கூடவே வந்திருந்தாள். பதவி உயர்வுக்குக் குறுக்கே நின்றவள் என்ற பேர் எதற்கு என்று வார்த்தையை விழுங்கிவிட்டாள்.

அதன் பிறகு தினமும் ஒரு போன். சாப்பிட்டியா, ஆச்சு. இரண்டு நிமிஷத்தைத் தாண்டியதில்லை.

இன்று ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

விழிஞ்ஞத்தில் கடல்மட்டம் அளக்கும் அவளுடைய ஆபீஸில், காலையில் கரண்ட் போய் வந்ததும் பழைய யூனிக்ஸ் கம்ப்யூட்டர் எழுந்திருக்க மறுத்துவிட்டது. இங்கே வேலை பார்த்த காலத்தில் சுமந்த் நிறுவியது. அதன் சுபாவம் வேறு யாருக்கும் தெரியாது. எந்தக் கோளாறானாலும் புனேயில் இருந்தபடியே உள்ளே நுழைந்து சரிசெய்துவிடுவான்.

இந்த முறை அது நடக்காதாம். சிங்கிள் யூசர் மோடில் எழுப்பித்தான் பழுது பார்க்க வேண்டும். அப்போது நெட்வொர்க் இருக்காது. முன்னால் உட்கார்ந்திருக்கிற ஒருத்தர் சொல்வதை மட்டும்தான் அது கேட்கும்.

அவன் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். பூட், ஹைஃபன், எஸ். பாஸ்வேர்டு. பிறகு டிஸ்க்கைச் சோதிக்கும் கட்டளை.

கெட்டுப்போன ஒவ்வொரு ஃபைலுக்கும், சரிசெய்யட்டுமா என்று கேட்டது. எது பிழைக்கிறது, எது அழிகிறது என்று ஒன்றும் புரியவில்லை. ஒய், ஒய் என்று அழுத்திக்கொண்டே போனாள்.

“இப்போ கண்ட்ரோல் டி. லாகின் வந்துதா? வந்துட்டா சரியாயிடுத்துன்னு அர்த்தம்.”

“இல்லை.”

“கொஞ்சம் பொறு. கிழம், மெதுவாத்தான் எழுந்திருக்கும். இங்கே உட்கார்ந்துண்டு நான் வேற என்ன பண்ண முடியும், சொல்லு.”

காத்திருந்த நேரத்தில் அவன் பேசினான். மெஸ் சாம்பாரில் வெல்லம் போடுகிறார்களாம். அவன் சூட்கேஸுக்குள் பூனை ஒன்று குட்டி போட்டிருக்கிறதாம். அதை எழுப்ப மனசு வராமல் ஒரு வாரமாக இரண்டே சட்டையில் ஓட்டுகிறானாம்.

நடுவில் இரண்டு முறை கேட்டான். இரண்டு முறையும் இல்லை என்றாள்.

“இப்போவாவது வந்துதா மாளு?”

“அது வந்து கால் மணி ஆச்சு,” என்றாள் மாளவிகா. “சொன்னா போனை வச்சுடுவேளோன்னு சொல்லலை.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“என்னால முடியலை. திரும்பி வந்துடுங்கோ.”