பிடிபட்டவன்

காதுகுத்துக்குப் போய்விட்டு மத்தியானம் வில்லாபுரம் திரும்பிய அழகுபாண்டி தெருமுனையிலேயே கூட்டத்தைப் பார்த்தார். அவர் வீட்டுக்குள் புகுந்த திருடனைப் பிடித்துக் கரண்டு கம்பத்தில் கட்டி வைத்திருந்தார்கள்.

கம்பத்துக்கு மேலே அவருடைய பிறந்தநாள் ஃப்ளெக்ஸ். 'நாற்பத்தைந்திலேயே ஓய்வுபெற்ற எங்கள் குபேரனே!' வேலையை விட்டாச்சு, இனி வட்டியே போதும் என்று அவர் சொல்லித் திரிந்ததைக் கேட்டு நண்பர்கள் வைத்தது.

"இதப் பாத்துட்டுத்தான் வந்தானாம்ணே," என்றான் பக்கத்து வீட்டு உமர் பாரூக். "பீரோவ நெம்பிட்டான். எம்புட்டு எடுத்தேன்னு கேட்டா வாய்க்கு வந்தபடி பொய் சொல்றான். போலீஸக் கூப்பிடவா?"

அழகுபாண்டி அவசரமாகக் குறுக்கே வந்தார்.

"வேணாம் தம்பி. போனது போகட்டும். வயித்துக்கு இல்லாம வந்திருப்பான், அவுத்து விட்ருவோம்."

"இந்த மனசுக்குத்தாண்ணே காசு உங்கள்ட்ட வந்து சேருது."

கயிற்றை அவரே அவிழ்த்தார். அவிழ்க்கும்போது திருடனின் காதோரம் குனிந்தார்.

"என்னையக் கம்பெனில வெளிய அனுப்பிட்டாங்கப்பா. பீரோவுல ஒண்ணுமே இல்லன்னு யார்ட்டயும் சொல்லிராத."

திருடன் வீங்கிய உதட்டைத் துடைத்துக்கொண்டான்.

"சொல்லிப் பாத்துட்டேண்ணே. நம்பாமத்தான இந்த அடி."