மஞ்சள் வீட்டுக் கையெழுத்து

“அந்த மஞ்சள் வீடு வேணாம். நாய் இருக்கு,” என்றான் டெல்பர்ட்.

“இரும்பாலையில உலைக்குப் பக்கத்துல நின்னவன்னு பெருசா சொன்னே. நாய்க்குப் பயந்தா கரண்டு விக்க முடியுமா?” பிரெண்டன் சிரித்தான். மாநிலத் தலைநகர் கொலம்பஸிலிருந்து அன்று காலையில்தான் வந்திறங்கிய மேலாளன். வயதில் டெல்பர்ட்டுக்குப் பாதி.

டெல்பர்ட் சிரிக்கவில்லை. ஆலையை மூடிய நாளிலிருந்து அவன் முகத்தில் எதுவும் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை.

காலையிலிருந்து ஏறிய வீட்டிலெல்லாம் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியிருந்தார்கள். போன தேர்தலில் ஊரே ஓட்டுப் போட்டு, எல்லா வீட்டுக்கும் சேர்த்து நகராட்சியே கரண்டை மொத்தமாக வாங்கட்டும் என்று முடிவாகியிருந்தது. வேண்டாம் என்று சொல்லாத வீடெல்லாம் அதில் சேர்த்திதான். டெல்பர்ட்டும் ஆதரித்து ஓட்டுப் போட்டவன். இப்போது அதே வீடுகளைப் பிரித்து, கரண்டு விற்கும் தன் தனியார் கம்பெனிக்கு இழுப்பது அவன் வேலை.

“ஊரே மலிவா வாங்கிக் குடுக்குது. நடுவுல நீ யாருய்யா?” என்று ஒரு கிழவர் பனி வாரும் மண்வெட்டியைக்கூட ஓங்கிவிட்டார்.

“இன்னிக்கு ஒரு கையெழுத்தாவது விழணும்,” என்றான் பிரெண்டன். “இல்லேன்னா கழுத்துல தொங்குற அட்டையைக் கழட்டிக் குடுத்துட்டுக் கிளம்பு. மாமன் மச்சான் கையெழுத்தெல்லாம் கணக்குல வராது. ஏறு.”

ஏறினார்கள். வாசலில் கிடந்த நாய் பிரெண்டனைப் பார்த்துத் தொண்டை கிழியக் குரைத்தது. டெல்பர்ட்டின் பூட்ஸை ஒருதரம் மோந்துவிட்டு, அதன்மேலேயே தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது.

“இதுவும் உன்னை மாதிரியே சுரத்தில்லாத ஜென்மம்,” என்றான் பிரெண்டன்.

கதவைத் திறந்த பெண் ஈரக் கையைத் துடைத்தபடி டெல்பர்ட்டைப் பார்த்தாள். பின்னால் நின்ற கோட்டுக்காரனைப் பார்த்தாள். பிறகு கழுத்து அட்டையை.

“சொல்லுங்க,” என்றாள்.

டெல்பர்ட் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தான். “முதல் மூணு மாசம் நகராட்சி விலையைவிடக் குறைவு மேடம்.”

“நாலாவது மாசம்?”

“சந்தை விலை.”

“அதாவது, குளிர் உச்சத்துல ஏறும். இந்த வீட்டுக்குச் சூடும் கரண்டுலதான் வருது.”

பிரெண்டன் தொண்டையைச் செருமினான்.

அவள் டெல்பர்ட்டின் அட்டையை இன்னொருமுறை பார்த்தாள். “பேனா குடுங்க.”

கையெழுத்து விழுந்ததும் அதைப் போட்டவருக்குச் சரிபார்க்கும் போன் அழைப்பு வரும். விற்றவன் வீட்டு எல்லையைத் தாண்டினால்தான் பேச்சே தொடங்கும். டெல்பர்ட் தெருவோரத் தபால் பெட்டியருகே போய் நின்றான். கையுறை இல்லாத விரல்கள் மரத்துக் கிடந்தன.

வாசலில் நின்று அவள் பேசுவது கேட்டது.

“ஆமா, நான்தான் கையெழுத்துப் போட்டேன்… வெளிய போயிட்டார்… இல்ல, யாரும் கட்டாயப்படுத்தல… சொந்தமா? இல்லைங்க. அவர் யாருன்னே தெரியாது.”

பிரெண்டன் அவன் முதுகில் தட்டினான். “பாத்தியா? வேலை உனக்குத்தான். நான் வண்டியை எடுக்கிறேன், அடுத்த தெருவுக்குப் போவோம்.”

“பேனாவை விட்டுட்டேன்,” என்று டெல்பர்ட் திரும்பிப் போனான்.

பாதி திறந்த கதவு வழியாக அவள் பேனாவை நீட்டினாள். வண்டி உறுமும் சத்தம் கேட்கும்வரை காத்திருந்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“வீட்டுக்கு வரும்போது நாய்க்குத் தீனி வாங்கிட்டு வா.”