படத்துக்குப் பெய்த மழை

பீலிக் குழாயில் தண்ணீர் நின்றுபோனது.

விஜயகலா குடத்தை அடியில் வைத்தபடியே அண்ணாந்து பார்த்தாள். குழாய் இரண்டு தரம் இருமிவிட்டு அடங்கிவிட்டது.

இந்த நேரம் பார்த்தா நிற்க வேண்டும்? பச்சை ஓலைக் குடிசைக்குள் அவளுடைய மகள் ஷாமிளா உட்கார்ந்திருக்கிறாள். பெரிய மனுஷியான பிள்ளைக்கு இன்றைக்குத்தான் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் சடங்கு. நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது. கரவனெல்லையிலிருந்தும் குருவிட்டையிலிருந்தும் சனம் வந்து இறங்கியாகிவிட்டது.

மாசியில் மலை ஊற்று நூலாகத்தான் வடியும். இந்தச் சடங்குக்காக, தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயமே இரண்டு நாளாகக் குளிக்காமல் இருந்து, மேட்டு டேங்கியில் தண்ணீரைச் சேர்த்து வைத்திருந்தது.

மேலே போய்ப் பார்த்துவிட்டு ஓடி வந்த பெண்கள் மூச்சு வாங்கச் சொன்னார்கள். கொழும்பிலிருந்து வந்த படக்காரர்கள் டேங்கிக்குள் மோட்டாரை இறக்கி, ஹோஸ் போட்டு, மழை பெய்ய வைத்துக்கொண்டிருக்கிறார்களாம்.

விஜயகலா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மேட்டில் ஏறினாள்.

காலையில் அந்தப் படக்காரர்களின் வேன் தோட்டத்துக்குள் நுழைந்தபோது வாசலுக்கு ஓடி வந்து முதலில் பார்த்தவள் அவள்தான். அவசர அவசரமாக முகம் கழுவி, நல்ல சேலைகூட மாற்றியிருந்தாள். வேன் லயத்துப் பக்கம் திரும்பாமல் நேரே மேட்டுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் யாரோடும் பேசாமல் அடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேட்டில் ரப்பர் மரமெல்லாம் இலை கொட்டி மொட்டையாக நின்றது. அதற்கு நடுவில் கார்காலமாம். கேட்டால் எவனும் சிரிப்பான்.

கூடியிருந்த சனத்துக்கு வேனில் வந்த ஒரு பிள்ளை விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டாயிரம் வருஷத்துப் பழைய பாட்டு ஒன்று. மழைக்கு முன்னால் வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் போனவன் வரவில்லை, மழைதான் வருகிறது. காத்திருந்தவள் முற்றத்தில் இறங்கி நனைகிறாள். அதைத்தான் டைரக்டர் இளநிலவன் சேர் குறும்படமாக எடுக்கிறார். வெளிநாட்டு விழாவுக்கெல்லாம் போகப்போகிறது.

போகட்டும், நன்றாகப் போகட்டும். அதற்கு லயத்துத் தண்ணீர்தானா கிடைத்தது? தோட்டத்துத் தொரை ஒரே வார்த்தையில் டேங்கியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். குடிக்கிற சனத்தை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

டைரக்டர் தாடியும் கறுப்புக் கண்ணாடியுமாக நின்றார். மற்றவர்கள் பெய்வித்த மழை கோணலாக விழுந்ததாம். அதனால் ஹோஸைத் தானே வாங்கி, அதன் வாயில் பெருவிரலை வைத்து அழுத்தி, மேலே பார்த்துப் பீய்ச்சிக்கொண்டிருந்தார். கீழே நடிகை வெடவெடத்துக்கொண்டு நனைந்தாள்.

விஜயகலா நேரே அவர் முன்னால் போய் நின்றாள். பிள்ளைக்குச் சடங்கு, நேரம் போகிறது, பீலியில் சொட்டுத் தண்ணீர் இல்லை என்று தன்மையாகத்தான் சொன்னாள். அவர் அவளுடைய முகத்தைப் பார்க்கவே இல்லை. கேமராவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. படத்துக்குள்ள வர்றீங்க."

அம்மாவாம்!

சுற்றி நின்ற லயத்துச் சனம் அவளையே பார்த்தது. பக்கத்து வீட்டுக்காரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். விஜயகலா ஒரு பார்வையால் அவளை அடக்கினாள்.

டைரக்டர் நிறுத்தவில்லை. இரண்டாயிரம் வருஷம் நின்ற பாட்டுக்காக ஒரு லயம் அரைமணி நேரம் பொறுக்கக் கூடாதா என்று வேன்காரர்களைப் பார்த்து அலுத்துக்கொண்டார். அவர்களும் பாவம் சேர் என்பதுபோலத் தலையாட்டினார்கள்.

விஜயகலா இறங்கிப் போனாள். விட்டுவிட்டாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து குலவைச் சத்தம் கேட்டது.

நான்கு பெண்கள் சேலைகளை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறி வந்தார்கள். நடுவில், தலையில் முக்காடு போட்டபடி ஷாமிளா. மஞ்சளும் அருகம்புல்லும் வைத்த தட்டோடு பின்னால் ஊரே வந்தது. அவர்கள் யாரிடமும் கேட்கவில்லை. நேரே போய் மழைக்கு அடியில் பிள்ளையை மணை போட்டு உட்கார வைத்தார்கள். நடிகை தானாகவே ஒதுங்கிக்கொண்டாள்.

கேமராக்காரர் சிங்களவர். விஜயகலா அவரிடம் சிங்களத்திலேயே, இது பொம்பளைப் பிள்ளை விஷயம், அதை அந்தப் பக்கம் திருப்புங்கள் என்றாள். அவர் மறுபேச்சுப் பேசாமல் திருப்பிவிட்டார்.

காட்சி கெட்டது என்று டைரக்டர் கத்தவில்லை. முகம் செத்துப்போய், ஹோஸை மெல்லத் தாழ்த்தப் பார்த்தார்.

விஜயகலா அவருடைய மணிக்கட்டை எட்டிப் பிடித்து மேலே தூக்கினாள்.

"கைய எறக்காத முத்துவீரா. அக்கா சொல்றேன். மொதத் தண்ணி தாய்மாமன் கையாலதான் விழணும்."

டேங்கியில் தண்ணீர் தீரும்வரை அவள் அந்தக் கையை விடவில்லை.